அத்தையின் ரிமோட்டும் ரிச்சி தெருவும்

சென்னைக்குப் போகிறவர்கள் மெரினா கடற்கரையைப் பார்க்கிறார்கள். மயிலாப்பூரில் கபாலீசுவரரைத் தரிசனம் செய்கிறார்கள். தியாகராய நகரில் புடவை வாங்கிவிட்டு, இளைத்துப்போன மணிபர்ஸைத் தடவிக்கொண்டே ஊர் திரும்புகிறார்கள். இதில் ஒன்றையும் செய்யாமல், பழைய டெலிவிஷன் ரிமோட் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய்வந்த பேர்வழி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். என் மனைவி சிரித்து முடித்தாகிவிட்டது.

விஷயம் இதுதான். கும்பகோணத்தில் என் அத்தை இருக்கிறாள். வயது 83. அத்திம்பேர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவளுக்குத் துணை ஒரு டெலிவிஷன் பெட்டி. 1996-ல் அத்திம்பேர் ரிடையரானபோது வாங்கியது. சுவரில் படம்போல் மாட்டுகிற இன்றைய தட்டை ஜாதி அல்ல. பின்பக்கம் தொந்தி வைத்த பழைய ஜாதி. அத்தைக்குக் கண் அழுத்த நோய் வந்து பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆகையால் அவள் டெலிவிஷனைப் பார்ப்பதில்லை, கேட்கிறாள். விடியற்காலையில் பாசுரம், மத்தியானம் செய்தி, சாயங்காலம் சீரியலில் மாமியாரும் மருமகளும் போடுகிற சண்டை. வீட்டில் மனிதக் குரல் ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கேபிள்காரர் கொடுத்த பெட்டியிலிருந்து வருகிற நிகழ்ச்சி, ‘ஏ.வி.’ என்ற தனி வழியாகத்தான் இந்தப் பழைய டெலிவிஷனுக்குள் நுழைய முடியும். ஸ்விட்சைப் போட்டதும் டெலிவிஷன் ‘உஸ்ஸ்ஸ்’ என்று இரையும். உடனே ஏ.வி. பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பட்டன் டெலிவிஷனில் கிடையாது; ரிமோட்டில் மட்டுந்தான் உண்டு. ரிமோட் செத்தால் டெலிவிஷனும் செத்த மாதிரிதான்.

அத்தையின் கண் மங்க ஆரம்பித்தபோது அத்திம்பேர் ஒரு காரியம் செய்தார். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் அத்தை ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தார். அடியில் கொஞ்சம் பசை தடவி, ஏ.வி. பட்டனின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டார். வெல்வெட் பொட்டு. கண் தெரியாவிட்டாலும் கட்டைவிரலுக்குத் தெரியும். அன்று முதல் அத்தை அந்தப் பொட்டைத் தடவித்தான் டெலிவிஷனை எழுப்பி வந்தாள்.

போன தை மாதம் ரிமோட் நின்றுவிட்டது. புதுப் பேட்டரி போட்டோம், அசையவில்லை. கடைக்குப் போய் 150 ரூபாய்க்குப் புது ரிமோட் ஒன்று வாங்கிவந்தேன். எல்லா டெலிவிஷனுக்கும் பொருந்தும் என்றார் கடைக்காரர், பொருந்தவும் செய்தது. அத்தை அதைக் கையில் வாங்கினாள். கட்டைவிரலால் மேலும் கீழும் தடவினாள். திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“இது யாரோ ஆத்து ரிமோட்டுடா” என்றாள்.

“புது ரிமோட்டிலும் ஒரு பொட்டை ஒட்டிக் கொடுப்பதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

“ஒட்டலாம். ஆனா அது நீ ஒட்டினதா இருக்கும்” என்றாள் அத்தை.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? பழைய ரிமோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

சின்னத் தறிப் பேட்டை

ரிச்சி தெரு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அண்ணா சாலை என்று இன்று பெயர் பெற்றிருக்கும் பழைய மவுண்ட் ரோடிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். மெட்ரோ ரயிலில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கலாம். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பூட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். மற்ற நாளிலும் காலை பத்தரை மணிக்கு முன் போய்ப் பிரயோசனமில்லை.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரே ஒரு கதை. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி நெய்வதற்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். தறிகள் போய்விட்டன. ஆனால் நூலைவிட மெல்லிய கம்பிகளை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஜனங்கள் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். மண்ணின் ராசி போலிருக்கிறது!

தெருவுக்குள் நுழைந்ததும் நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம், பையை மார்போடு அணைத்துக்கொள்வது. திருடருக்குப் பயந்து அல்ல, நெரிசலுக்குப் பயந்து. அட்டைப்பெட்டிகளை மலைபோல் அடுக்கிய மீன்பாடி வண்டி ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், தலையில் ஸ்பீக்கர் பெட்டியைச் சுமந்துகொண்டு ‘வழி, வழி’ என்று கத்திக்கொண்டு வருகிற ஆள் ஒரு பக்கம். நடுவே ஒரு டீக்கடைப் பையன், ஆறு கிளாஸ் டீயை ஒரு துளி சிந்தாமல் இந்தக் கூட்டத்தின் ஊடே கொண்டுபோகிறான். சர்க்கஸில் சேர்ந்தால் நல்ல சம்பளம் கொடுப்பார்கள்.

கடைகளோ ஒன்றன்மேல் ஒன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு கடை. அதன் படிக்கட்டில் ஒரு கடை. படிக்கட்டின் கைப்பிடியில் ஒயரைச் சுற்றித் தொங்கவிட்டு இன்னொரு கடை. எள் அளவு பாகத்திலிருந்து ஆள் உயர ஒலிபெருக்கி வரையில் மின்சாரத்தைத் தின்கிற சகல ஜீவராசிகளும் இங்கே விற்பனைக்கு இருக்கின்றன. டில்லியில் நேரு பிளேஸ் எப்படியோ, சென்னைக்கு ரிச்சி தெரு அப்படி.

ரிமோட் கடைக்கும் பஞ்சமில்லை. புடலங்காய் தொங்குவதுபோல் நூற்றுக்கணக்கில் கறுப்பு ரிமோட்டுகள் தொங்கின. முதல் கடையில் என் மஞ்சள் பையைத் திறந்து காட்டினேன். கடைக்காரர் அரை நொடி பார்த்தார்.

“புதுசு தரேன் சார்.”

“புதுசு வேண்டாம், இதை ரிப்பேர் செய்ய வேண்டும்.”

“இதையா?” என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். இரண்டாவது கடையிலும் இதே மரியாதை. மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். “பக்கத்துச் சந்துல, மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவர் பார்ப்பார்” என்றார்.

மாடிப்படி வைத்தியர்

படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழைய மேஜை. அதன்மேல் ஒரு விளக்கு, பற்றவைக்கிற கோல், பல் தேய்க்கிற பழைய பிரஷ், ஸ்பிரிட் புட்டி, கையகல ரேடியோப் பெட்டி. மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயது இருக்கலாம். என் ரிமோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருந்தாங்களா சார்?” என்றார்.

“ஆமாம். எப்படித் தெரிந்தது?”

“எழுத்து அழியலையே. ஆனா கவர் போட்டா உள்ளே வேர்க்கும். அது இன்னொரு வியாதி.”

உங்களில் எத்தனை பேர் வீட்டில் ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டு, ரப்பர் பாண்டு கட்டி வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம். என் வீட்டிலும் அப்படித்தான்.

பெரியவர் வைத்தியத்தை ஆரம்பித்தார். இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நாளைக்கே உங்களுக்கு உபயோகப்படலாம்.

ரிமோட்டின் மூக்கு நுனியில் ஒரு சிறு பல்பு இருக்கிறதல்லவா? பட்டனை அழுத்தும்போது அது எரிகிறது. ஆனால் அந்த வெளிச்சம் அகச்சிவப்பு. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போன் காமிராவின் கண்ணுக்குத் தெரியும்! பெரியவர் தம் செல்போனில், முகத்தைப் பார்த்துப் படம் எடுக்கிற முன்பக்கக் காமிராவைத் திறந்தார். சில போன்களின் பின்பக்கக் காமிராவில் அந்த வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி இருக்குமாம். முதலில் தம் மேஜையில் கிடந்த நல்ல ரிமோட் ஒன்றைக் காமிராவுக்கு நேரே பிடித்து அழுத்திக் காட்டினார். திரையில் ஊதா கலந்த வெள்ளையில் ஒரு பொட்டு மினுமினுத்தது. பிறகு அத்தையின் ரிமோட்டைப் பிடித்தார். இருட்டு.

அடுத்த சோதனை ரேடியோ. பழைய மத்திய அலை ரேடியோ ஒன்றை அவர் இதற்காகவே வைத்திருக்கிறார். முள்ளை 900-க்குப் பக்கத்தில் நிறுத்தி, நல்ல ரிமோட்டை அதன் அருகே கொண்டுபோய் அழுத்தினார். ‘கிர்ர்ர்... கிர்ர்ர்’ என்று ரேடியோ இரைந்தது. ரிமோட்டுக்குள் ஓர் இருதயம் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் அது ஒரு நொடிக்கு 4,55,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பின் எதிரொலி அதற்கு இரண்டு மடங்கான இடத்தில், அதாவது 910-ல், ரேடியோவில் கேட்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரிதான் இது.

“ரேடியோ இரையுது, காமிராவில வெளிச்சம் இல்லேன்னா, பல்பு போச்சு, இல்லே, அதைத் தூண்டுற டிரான்ஸிஸ்டர் போச்சு. ரெண்டும் சரியா இருந்தும் டி.வி. கேக்கலேன்னா, டி.வி.யோட கண்ணுல கோளாறு. ரெண்டுமே இல்லேன்னா...” என்று சொல்லிக்கொண்டே அத்தையின் ரிமோட்டை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

சத்தமே இல்லை.

“இருதயம் நின்னுபோச்சு சார்” என்றார் பெரியவர்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. “பிழைக்குமா?” என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற குரலில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“திறந்து பார்த்துத்தான் சொல்லணும். டீ சாப்பிட்டுட்டு வாங்க.”

சோம்பேறியும் சூரியனும்

நான் டீ குடிக்கிற நேரத்தில் உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். ரிமோட் பிறந்த ஊர் அமெரிக்காவில் உள்ள சிகாகோ. அங்கே ஜெனித் என்று ஒரு ரேடியோக் கம்பெனி. அதன் தலைவர் மக்டொனால்டுக்கு டெலிவிஷனில் வருகிற விளம்பரங்கள் என்றால் வேப்பங்காய். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றின் வாயை அடைக்க வழி வேண்டும் என்று தம் எஞ்சினீயர்களை அவர் நச்சரித்து வந்தார். 1950-ல் ஒரு ரிமோட் வந்தது. பெயர் ‘லேஸி போன்ஸ்’, அதாவது சோம்பேறி! ரிமோட்டுக்கும் டெலிவிஷனுக்கும் நடுவே நீண்ட ஒயர் ஒன்று தரையில் கிடக்கும். சோம்பேறி உட்கார்ந்திருப்பான், சுறுசுறுப்பாக நடக்கிறவன் ஒயர் தடுக்கி விழுவான். உலக நியாயமே அதுதானே!

1955-ல் யூஜின் பாலி என்ற எஞ்சினீயர் ஒயரை ஒழித்தார். துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச் விளக்கு. டெலிவிஷன் திரையின் நான்கு மூலையிலும் வெளிச்சத்தை உணருகிற நான்கு கண்கள். எந்த மூலையில் வெளிச்சம் பட்டதோ அந்த வேலை நடக்கும். அற்புதமான யோசனைதான். ஆனால் ஜன்னல் வழியாகச் சூரிய பகவான் எட்டிப் பார்த்தால் அவரும் சானலை மாற்றிவிடுவார்!

மறுவருஷம், 1956-ல், வியன்னாவில் பிறந்த ராபர்ட் ஆட்லர் என்ற விஞ்ஞானி வெளிச்சத்தை விட்டு ஓசையைப் பிடித்தார். ரிமோட்டுக்குள் விரல் நீளத்தில் நான்கு அலுமினியக் கம்பிகள். பட்டனை அழுத்தினால் குட்டிச் சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். கம்பி ஒரு நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. டெலிவிஷனுக்குள் இருந்த காது கேட்டுக்கொள்ளும். இதற்குப் பேட்டரியே கிடையாது! பேட்டரி தீர்ந்தால் டெலிவிஷனே கெட்டுவிட்டது என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று விற்பனைக்காரர்கள் பயந்ததே இதற்குக் காரணம். ஆனால் அந்த ஓசையைக் கேட்க டெலிவிஷனுக்குள் ஆறு வால்வுகள் அதிகப்படியாக வைக்க வேண்டியிருந்தது. விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிற்று. அப்படியும் இந்த ஓசை ஜாதி இருபத்தைந்து வருஷம் ராஜ்யம் நடத்தியது.

இன்றைக்கும் அமெரிக்காவில் பழம்பொருள் பிரியர்கள் அந்த ரிமோட்டுகளைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கிறார்கள். பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று சுத்தியல் தட்டுகிற சத்தம் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்பிரிங் போயிருக்கும். சத்தம் விழுந்தும் வேலை நடக்காவிட்டால், கம்பியில் அழுக்கு ஏறி அதிர்வு மழுங்கியிருக்கலாம். வௌவாலின் குரலைக் கேட்க உதவுகிற கருவியை வைத்து அதையும் சோதித்துவிடலாம். கம்பியைத் துடைத்து வைத்தால் எழுபது வருஷத்துக்குப் பிறகும் பாடும்! ஆனால் அதற்கும் ஒரு சாபம் இருந்தது. சாவிக்கொத்து குலுங்கினாலும், நாணயம் விழுந்தாலும் டெலிவிஷன் சமயத்தில் ஏமாந்து போகும்.

1980-களில் அகச்சிவப்பு வெளிச்சம் ஓசையை வீட்டுக்கு அனுப்பியது. வெளிச்சம் என்றால் மறுபடியும் சூரியன் தொல்லை வராதா? வராது. இந்தத் தடவை வெளிச்சத்துக்குச் சிமிட்டக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நொடிக்கு 36,000 முதல் 40,000 தடவை வரையில் அது கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலின் நடுவே தந்தி பாஷை மாதிரி ஒரு ரகசியச் சொல்லையும் அனுப்பும். சூரியனுக்குச் சிமிட்டத் தெரியாது. சாவிக்கொத்துக்கு அந்தச் சொல் தெரியாது.

நம் ஊர்க் கதை வேறு. சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஆரம்பித்தது 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி. ஒரே நிலையம், மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? ரிமோட் எதற்கு? பெட்டிக்கு மரக்கதவு போட்டுப் பூட்டி வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? 1990-களின் தொடக்கத்தில் கேபிள் வந்தது; 1993-ல் சன் டி.வி. வந்தது, அப்புறந்தான் வீட்டுக்கு வீடு ரிமோட் செங்கோல் ஆயிற்று. அந்தச் செங்கோலுக்காக நடந்த யுத்தங்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது.

கத்தியின்றி ரத்தமின்றி

டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது அத்தையின் ரிமோட் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெரியவர் பேட்டரி வைக்கிற இடத்தைக் காட்டினார். ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. பழைய செல் கசிந்த வினை. ரிமோட் வேலை செய்யாதபோது நாம் எல்லோரும் அதைத் தொடையில் ரெண்டு தட்டுத் தட்டுகிறோமே, சில சமயம் அதில் பலனும் கிடைக்கிறதே, ஏன் என்று இப்போது புரிந்தது. தட்டுகிற தட்டில் செல் உருண்டு, பாசி படிந்த இடம் விலகி, சுத்தமான இடம் ஸ்பிரிங்கைத் தொடுகிறது. அவ்வளவுதான் மந்திரம். பெரியவர் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, செல் போட்டார். ரேடியோ அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகு அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். பலகையின் ஒரு மூலையில் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பெட்டி, இரண்டு கால்களோடு நின்றது. அதன் பெயர் ரெசனேட்டர். இருதயம் என்று சொன்னேனே, அது இதுதான். உள்ளே இருப்பது பீங்கான் ஜாதி வில்லை.

“கீழே விழுந்திருக்கு சார்.”

“விழவே இல்லை. அத்தை சத்தியமே பண்ணினாள்.”

“விழுந்திருக்கு” என்றார் பெரியவர், அமைதியாக. “பிளாஸ்டிக் உடையலே, பீங்கான் உடைஞ்சிருக்கு. கால் ஆடுது பாருங்க.”

ரெசனேட்டரைக் கழற்றி அதன்மேல் எழுதியிருந்த எண்ணைப் படித்தார்: 455. இதைப் படிப்பதுதான் முக்கியமாம். அவசரத்தில் 480 போட்டுவிட்டால் காமிராவில் வெளிச்சம் ஜோராகத் தெரியும். ஆனால் டெலிவிஷன் திரும்பிப் பாராமல் போகலாம். பாட்டு சரிதான், சுருதி வேறு! ஒரு பழைய சாக்லேட் டப்பாவிலிருந்து 455 ஒன்றைப் பொறுக்கி எடுத்து, இரண்டு சொட்டு ஈயத்தில் உட்கார வைத்தார். பட்டனை அழுத்தினார்.

‘கிர்ர்ர்... கிர்ர்ர்...’

அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம்போல் கேட்டது. காமிராவிலும் ஊதாப் பொட்டு மினுமினுத்தது.

ஆனால் வைத்தியம் முடியவில்லை. பெரியவர் ஒவ்வொரு பட்டனாகச் சோதித்துக்கொண்டே போனார். முப்பத்திரண்டு பட்டனும் பேசின. ஒன்று மட்டும் பேசவில்லை. எது என்று சொல்ல வேண்டுமா? ஏ.வி. பட்டன்தான்!

“இதைத்தான் ரொம்ப அழுத்தியிருக்காங்க” என்றார். பட்டன்கள் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பில் முளைத்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் கரி பூசிய சிறு வில்லை. அது பலகையில் உள்ள கோடுகளைத் தொட்டால் மின்சாரம் பாயும். வருஷக்கணக்கில் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து படியும். அழுத்தி அழுத்திக் கரியும் தேயும். வழக்கமான சிகிச்சை, ரப்பர் விரிப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு அலசுவது.

பெரியவர் விரிப்பைப் பிரித்து எடுத்தார். கிண்ணத்துத் தண்ணீரை அருகில் நகர்த்தினார். அப்போதுதான் மேல்பக்கத்தில் ஒட்டியிருந்த மெரூன் பொட்டு அவர் கண்ணில் பட்டது. நகத்தால் ஓரத்தைத் தொட்டார்.

“இதை எடுத்துடட்டுமா சார்? ஊறினா தானே வந்துடும்.”

“ஐயையோ, வேண்டாம்!” என்று கத்திவிட்டேன். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பொட்டின் கதையை அவருக்குச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தார். சொட்டுகூட மேலே போகவில்லை. ஆனாலும் ஏ.வி. பட்டன் அரைகுறையாகத்தான் பேசியது. அதன் கரி அவ்வளவு தேய்ந்து போயிருந்தது. அதற்கும் அவரிடம் உபாயம் இருந்தது. தூக்க நேரம் வைப்பதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் யாரும் அதைத் தொட்டதேயில்லை. அதன் அடியிலிருந்த கரி வில்லையைப் பிளேடால் மெல்லிய தகடாகச் சீவி எடுத்தார், ஏ.வி. பட்டனின் அடியில் சிலிக்கான் பசை வைத்து ஒட்டினார். காயட்டும் என்று ஒரு மணி நேரம் வைத்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். ஒரு காலத்தில் கடைகளிலிருந்து கோணிப்பையில் ரிமோட் வருமாம். இப்போது வாரத்துக்கு நாலு வந்தால் அதிகம். “தப்புச் சொல்ல முடியாது சார். புதுசு சல்லிசாக் கிடைக்குது. வேலை செய்யறதுக்காக இதைக் கொண்டுவர்றவங்க கொறைஞ்சுட்டாங்க. வேற ஏதோ காரணத்துக்காகக் கொண்டுவர்றவங்கதான் வர்றாங்க” என்றார்.

கிளம்புமுன் அவர் சொன்ன மூன்று யோசனைகளை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டை உபயோகிக்காமல் எடுத்து வைக்கிறதாயிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பட்டன் பேசாவிட்டால், பலகையில் உள்ள கறுப்புக் கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கரி போய்விட்டால் அப்புறம் பிரம்மாவாலும் முடியாது.

கூலி 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். நூறு ரூபாயாக நீட்டினேன். இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசிப் பரீட்சை

காமிராவும் ரேடியோவும் பாஸ் போட்டாலும், உண்மையான பரீட்சை கும்பகோணத்தில்தானே? அந்த டெலிவிஷன் அங்கேதானே இருக்கிறது! ராத்திரி ரயிலில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துக்கொள்ளப் பயந்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் விழுந்து தொலைத்தால்?

காலையில் அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்விட்சைப் போட்டேன். டெலிவிஷன் ‘உஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தது. ரிமோட்டை அவள் கையில் வைத்தேன். அத்தையின் கட்டைவிரல் மேலே போயிற்று, இடது பக்கம் திரும்பிற்று, கொஞ்சம் தேடிற்று, நின்றது. அழுத்தவில்லை. பொட்டின்மேல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அழுத்தினாள்.

இரைச்சல் நின்றது. யாரோ ஒரு பெண்மணி கூடத்தில் பாசுரம் பாட ஆரம்பித்தாள்.

நான் எதிரே உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரம் கழித்து, “அத்தை, இது கீழே விழுந்திருக்கு என்கிறாரே அந்த மெக்கானிக்” என்றேன்.

“விழலைடா. கை நழுவித்து, அவ்வளவுதான்” என்றாள் அத்தை, பாட்டிலிருந்து கவனத்தைத் திருப்பாமலே.

பாட்டு முடிந்ததும் கேட்டாள்: “எவ்வளவுடா வாங்கினான்?”

“எண்பது ரூபாய்.”

“எண்பதா! புதுசே நூத்தைம்பதுக்குக் கிடைக்கறதேடா! நீ ஏமாளி” என்றாள் அத்தை. சொல்லிவிட்டு ரிமோட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

போகவர ரயில் செலவையும், ஆட்டோவுக்கு ஆன செலவையும் நான் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் கும்பகோணம் போனால் சொல்லிவிடாதீர்கள்.